ரப்பர் ஸ்டாம்பு பிடித்த கைகள்

கலைக்கூடங்களில் எங்கள் வயதுக்காரர்களுக்கென்று ஓர் இடம் உண்டு. திறப்பு விழா அன்று முன்வரிசை நாற்காலி. ஒரு பொன்னாடை, ஒரு காபி, இரண்டு பிஸ்கட். குத்துவிளக்கில் ஐந்தாவது திரியை ஏற்றச் சொல்வார்கள். பிறகு சுவரில் மாட்டிய படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் உளியையோ மை உருளையையோ எங்கள் கையில் யாரும் கொடுப்பதில்லை.

இது மாற வேண்டும் என்பது என் கருத்து. அதிலும் அச்சுக்கலை என்கிற ஒரு கலையைப் பொறுத்தவரை, அறுபதைத் தாண்டியவர்களைவிடப் பொருத்தமான மாணவர்கள் கிடைக்கமாட்டார்கள் என்றே சொல்வேன். முதுமையில் மூளைக்கு நல்லது, மறதி வராது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்த காரணங்களை மட்டும் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றபின் சில வருடங்களாக நம் புதுச்சேரியில் ஒரு சிறிய கலை அறக்கட்டளைக்கு வாரம் மூன்று நாள் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பெயர் வேண்டாம். நல்லவர்கள், நல்ல வேலை செய்கிறார்கள். அவர்களுடைய விண்ணப்பப் படிவத்திலும் ஆண்டறிக்கையிலும் ஒரு வரி இருக்கிறது: "பயனாளிகள்: 8 முதல் 25 வயது வரை." ஒவ்வொரு வருடமும் அந்த வரியைத் தட்டச்சு செய்வது நான்தான். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

அச்சுக்கூடத்துக்குள் நான் போனது தற்செயல். மூடிப்போன ஓர் அச்சகத்திலிருந்து எடைக்கு வாங்கிய பழைய ப்ரூஃப் பிரஸ் ஒன்று எங்கள் பின்கட்டில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை வவுச்சரில் கையெழுத்து வாங்கப் போனேன். பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு இரண்டு கையிலும் கறுப்பு மை. உதவிக்கு வரவேண்டிய பையன் வரவில்லை. "சார், உங்க கை சுத்தமா இருக்கு. அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கிறீங்களா?" என்று கேட்டாள். அச்சு எடுப்பதற்கு ஒரு மைக்கையும் ஒரு சுத்தக்கையும் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒருவர் பலகைக்கு மை தடவுவார், மற்றவர் காகிதத்தைத் தொடுவார். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் காகிதம் முழுக்க விரல்ரேகை.

அன்று மதியம் வரை நான் சுத்தக்கையாக இருந்தேன். வவுச்சர் மேசை மேலேயே கிடந்தது. அடுத்த வாரம் அந்தப் பெண் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு லினோ துண்டையும் ஒரு உளியையும் என் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை.

லினோ என்றால் லினோலியம். தரையில் விரிப்பார்களே, அதேதான். ஆளிவிதை எண்ணெயை இறுகவைத்து, பிசினும் கார்க்குத் தூளும் கலந்து, சணல் துணியின் மேல் பரப்பிய பொருள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் வால்டன் என்பவர் தரைக்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார். மரத்தைப்போல ரேகை ஓடாததால் எந்தப் பக்கமும் செதுக்கலாம். கொஞ்சம் வெயிலில் வைத்தால் இன்னும் இளகும். செதுக்கிய இடம் பள்ளமாகிக் காகிதத்தில் வெள்ளையாக விழும். விட்ட இடம் மேடாக நின்று கறுப்பாக விழும். எழுத்து செதுக்குவதானால் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது அந்தப் பெண், "ஆரம்பத்துல எல்லாருக்கும் இதுதான் சார் குழப்பம்" என்றாள். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் ஸ்டாம்பைத் தலைகீழாகவும் இடம் வலமாகவும் படித்துப் பழகியவன் நான். ஸ்டாண்டில் தொங்கும் இருபது ஸ்டாம்புகளில் 'உண்மை நகல்' எது, 'அவசரம்' எது, 'ரத்து செய்யப்பட்டது' எது என்று அடிப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தே எடுப்போம். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் எல்லோரும் ஆயுள் முழுவதும் அச்சுப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம். அதற்குக் கலை என்று பெயர் இருப்பதுதான் தெரியாது.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். உலகத்தில் எத்தனை வகை அச்சு இருந்தாலும், அடிப்படை முறை நான்கு என்று சொல்வார்கள்.

முதலாவது புடைப்பு அச்சு. மேடான பகுதி மையை வாங்கிக் காகிதத்துக்குக் கொடுக்கும். மரக்கட்டை, லினோ, ஈய எழுத்து எல்லாம் இந்த வகை. நம் ரப்பர் ஸ்டாம்பும் இதேதான். சின்ன வயதில் தேரடியிலும் சந்தையிலும் வாங்கிப் படித்தோமே, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அவற்றில் வந்த கறுப்புப் படங்களும் இந்தக் குடும்பம்தான்.

இரண்டாவது துளை அச்சு. துளை வழியாக மை இறங்கும். சில்க் ஸ்கிரீன் இந்த வகை. இதற்கு நம்மிடம் இருந்தது சைக்ளோஸ்டைல். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டரில் ஏற்றி, ரிப்பனை விலக்கிவிட்டு அடித்தால் எழுத்து மெழுகை வெட்டும். தவறு விழுந்த இடத்தில் நெயில் பாலிஷ் போல ஒரு திரவத்தைத் தடவி ஊதிக் காயவைத்து மறுபடி அடிப்போம். அதிகாரியின் கையெழுத்தை ஊசிப்பேனாவால் கீறி வாங்குவோம். பிறகு கெஸ்டெட்னர் உருளையில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால் சுற்றறிக்கை ஒவ்வொன்றாக விழும். அந்த மையின் வாசனை இதைப் படிக்கும் பலருக்கு இப்போதே மூக்கில் ஏறியிருக்கும்.

மூன்றாவது சமதள அச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்து, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பவேரியாவில் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு. 1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது இந்த முறையில்தான். பின்னால் வந்த ஆஃப்செட்டும் இதன் பிள்ளை.

நான்காவது குழிவு அச்சு. செப்புத் தகட்டில் கீறிய பள்ளத்தில் மை தங்கும். ஈரக் காகிதத்தை வைத்துப் பலமாக அழுத்தினால் பள்ளத்திலிருந்து மை எழும்பி வரும். உங்கள் சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தால், காந்தியின் முகத்தைப் பெருவிரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டும். கஜானாவில் வேலை பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டே நோட்டைச் சொல்வார்கள் என்றால், அவர்கள் விரலுக்குக் குழிவு அச்சு தெரியும் என்று அர்த்தம்.

ஆக, ஒரு சாதாரண அரசாங்க குமாஸ்தா இந்த நான்கையும் தொட்டுத்தான் பென்ஷனுக்கு வந்திருக்கிறான். "நமக்கும் கலைக்கும் ரொம்ப தூரம்" என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வது.

அவர்களுடைய அடுத்த வாதம், "எனக்குப் படம் வரையவே வராது." தேவையில்லை ஐயா. ஒரு பழைய புகைப்படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோட்டை எடுக்கலாம். அந்தத் தாளைப் புரட்டி, அடியில் கார்பன் வைத்து லினோவில் இறக்கலாம். கார்பன் தாள் நமக்குப் புதிதா? நான்கு நகல் எடுத்து நான்காவது நகலும் படிக்கும்படி அழுத்தி எழுதிய கைகள் அல்லவா இவை. வரையும் திறமை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பொறுமையும் ஒழுங்கும் மட்டும் கட்டாயம். மை அளவாக இருக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் உருளையை ஓட்டும்போது 'சர சர' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் மை சரி, பிசுபிசுவென்று இழுத்தால் அதிகம். காகிதம் ஓரம் தப்பாமல் உட்கார வேண்டும். பன்னிரண்டாவது பிரதியும் முதல் பிரதி போலவே இருக்க வேண்டும். இளைஞர்களுக்கு இது அலுப்பாக இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். மூன்றாவது பிரதிக்குமேல் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். எங்களுக்கு அலுக்காது. ஒரே வேலையைச் சலிக்காமல் சரியாகச் செய்வதற்குத்தான் சம்பளம் வாங்கினோம்.

அச்சுக்கலைஞர்கள் கடைப்பிடிக்கும் நடைமுறையைப் பார்த்தால் ஏதோ நம் டெஸ்பாட்ச் பிரிவில் இருப்பதுபோல் தோன்றும். மொத்தம் எத்தனை பிரதி என்று முன்கூட்டியே முடிவு செய்வார்கள். ஒவ்வொன்றின் கீழேயும் பென்சிலால் 3/12, 4/12 என்று வரிசை எண். வலது பக்கம் கையெழுத்து. எண்ணிக்கை முடிந்ததும் பலகையின் குறுக்கே கோடு இழுத்து ரத்து செய்துவிடுவதும் உண்டு, இனி ஒரு பிரதிகூட எடுக்கக்கூடாது என்பதற்காக. இதைக் கேட்டபோது ஏதோ சொந்த ஊருக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. ரப்பர் ஸ்டாம்புக்கு நாங்கள் சொன்ன வார்த்தை 'தாம்ப்போன்'. அச்சுப் பிரதிக்கு பிரெஞ்சில் 'எப்ரேவ்'. பரீட்சைத் தாளுக்கும் அதே சொல், வாழ்க்கையில் வரும் சோதனைக்கும் அதே சொல். சிறுவயதில் 'எப்ரேவ்' என்றாலே வயிறு கலங்கும். எழுபது வயதுக்குமேல் அந்தச் சொல் எனக்குக் கறுப்பு மையில் ஒரு சின்னப் படமாக வந்து நிற்கிறது. 'ரெத்ரேத்' என்றால் ஓய்வூதிய வாழ்க்கை. படை தோற்றுப் பின்வாங்குவதற்கும் அதுதான் சொல். எங்களில் பலர் இரண்டாவது பொருளில்தான் ரெத்ரேத் வாங்கியிருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

நம் ஊருக்கும் அச்சுக்கும் உள்ள உறவையும் மறந்துவிடக்கூடாது. தமிழ் எழுத்தில் முதல் புத்தகமான தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சானது. 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அது நம் காரைக்காலுக்குப் பக்கத்து ஊர். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது இங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அது வேப்பேரியில் ஃபப்ரீசியுஸ் பாதிரியாரிடம் போய்ச் சேர்ந்தது. பிறகும் நம் ஊர் சும்மா இருக்கவில்லை. மூசே, துப்புய் என்ற இரண்டு பாதிரிமார்கள் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதியை 1855 முதல் இங்குள்ள மிஷன் அச்சகம் வெளியிட்டது. அச்சு என்பது நம் ஊருக்கு நேற்று வந்த சுற்றுலாப் பண்டம் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும்.

வயதைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு மூன்று பேரைக் காட்டுகிறேன். ஜப்பானின் ஹொக்குசாய் 1760-இல் பிறந்தவர். உலகமே அறிந்த அந்தப் பெரிய அலைப் படம் வந்தது 1831 வாக்கில். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிக்காசோ தென்பிரான்சில் வல்லோரிஸ் என்ற ஊரில் லினோவில் கை வைத்தபோது எழுபதைக் கடந்தவர். 1968-இல், எண்பத்தாறு வயதில், ஏழு மாதத்துக்குள் 347 குழிவு அச்சுப் படங்கள் செய்தார். மத்தீஸ் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நிற்கவே சிரமப்பட்ட காலத்தில் கத்தரிக்கோலால் வண்ணத்தாளை வெட்டினார். அதைத் துளை அச்சில் 'ஜாஸ்' என்று புத்தகமாக வெளியிட்டது 1947-இல், எழுபத்தேழு வயதில். நாங்கள் யாரும் பிக்காசோ இல்லை, சரி. அந்த எட்டு வயதுப் பிள்ளைகளும் பிக்காசோ இல்லையே. அவர்களிடம் நாம் அதை எதிர்பார்த்தா உளியைக் கொடுக்கிறோம்?

எளிய பொருளால் பெரிய காரியம் ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்தின்போது நந்தலால் போஸ் கோலூன்றி நடக்கும் காந்தியைச் செதுக்கினார். கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். அது லினோ. நம் பள்ளிப் புத்தகங்களிலும் அரசாங்க அலுவலகச் சுவர்களிலும் எத்தனை முறை பார்த்திருப்போம்!

இனி என் சொந்த வேலைக்கு வருகிறேன். நான் செதுக்கியது எங்கள் பிரிவில் இருந்த ஸ்டாம்பு ஸ்டாண்டை. வட்டமான இரும்புத் தட்டு, சுற்றிலும் தொங்கும் ஸ்டாம்புகள், பக்கத்தில் ஒரு மைப்பெட்டி. நினைவிலிருந்தே செய்தேன். ஆறு வாரம் பிடித்தது. பன்னிரண்டு பிரதி எடுத்தேன். அந்தப் பெண் மைக்கை, நான் சுத்தக்கை. பிறகு இருவரும் மாற்றிக்கொண்டோம்.

ஒரு பிரதி வீட்டில். மற்றவற்றைப் பழைய சகாக்களுக்குக் கொடுக்க ஒவ்வொரு வீடாகப் போனேன். இது அச்சுக்கலையின் தனிப் பெருமை. ஓவியம் என்றால் ஒன்றுதான், யாருக்குக் கொடுப்பது என்று சண்டை வரும். அச்சில் பன்னிரண்டும் அசல். எல்லோருக்கும் அசலே கிடைக்கும்.

அவர்களில் ஒருவர் என்னோடு ஒரே அறையில் பல வருடம் உட்கார்ந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வெளியே வருவதில்லை. மனைவியும் போய்விட்டார். மகன் வெளிநாட்டில். மாலையில் தொலைக்காட்சி ஓடும், அவர் அதைப் பார்ப்பதில்லை. நான் போனால் பத்து நிமிடம் உடம்பைப் பற்றிப் பேசுவோம், பிறகு பேச ஒன்றும் இருக்காது. அன்று படத்தை மடியில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு நன்றாக இருக்கும் இடது கையால் ஒரு ஸ்டாம்பைத் தொட்டுக் காட்டி, "இந்தக் கைப்பிடி கோணினது 'அவசரம்' தானே? மேசையிலே அடிச்சு அடிச்சுக் கோணிப்போச்சு" என்றார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். யார் எந்த மேசை, எந்தக் கோப்பு எங்கே காணாமல் போனது, தேநீர்க் கணக்கில் யார் பாக்கி. நான் கிளம்பும்போது கேட்டார்: "ஏம்ப்பா, எனக்கும் ஒரு துண்டு கிடைக்குமா? இடது கையால செய்ய முடியுமா பார்க்கலாம்."

அவருக்கு வயது எழுபத்திரண்டு. படிவத்தில் இருப்பது இருபத்தைந்து.

நான் உள்ளே நுழைந்தது கணக்கு எழுதுகிறவன் என்பதால். யாரும் என் வயதைக் கேட்கவில்லை. என் நண்பர் வாசல் வழியாக வந்தால் கேட்பார்கள். எனக்கு அதிர்ஷ்டத்தால் கிடைத்தது அவருக்கு விதிப்படி கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம் முழுவதும்.

நிர்வாகக் குழுவில் இதைச் சொன்னேன். அவர்கள் மறுப்பாகச் சொன்னவை மூன்று. மூன்றும் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல.

ஒன்று, உளி ஆபத்து. உண்மை. எங்களில் பலர் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சின்ன வெட்டும் நிற்காமல் ஒழுகும். ஆனால் வழி இருக்கிறது. பலகையை முட்டுக்கொடுத்துப் பிடிக்கும் மரச்சட்டம் ஒன்றைத் தச்சர் அரை நாளில் செய்து கொடுப்பார். அதை மேசை விளிம்பில் மாட்டிவிட்டால் உளிக்கு எதிரே கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பிடிக்கும் கைக்குக் கையுறை போடலாம். அதுவும் பயம் என்றால் உளியே இல்லாத முறைகள் உண்டு. அட்டைத் துண்டு, நூல், காய்ந்த இலை, சாக்குத்துணி இவற்றை ஓர் அட்டையில் பசை போட்டு ஒட்டி, காய்ந்தபின் மை தடவி அச்சு எடுக்கலாம். என் நண்பருக்கு அதைத்தான் நினைத்திருக்கிறேன். நடுங்கும் கைக்கும் இது ஒத்துவரும்.

இரண்டு, பணம் கொடுப்பவர்கள் இளைஞர் நலனுக்கென்றுதான் கொடுக்கிறார்கள். இதுவும் உண்மை. அந்தப் பணத்தைத் தொட வேண்டாம். கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன், ஒரு முதியவருக்கு மாதம் ஆகும் லினோ, காகிதம், மை செலவு எங்கள் தேநீர் பிஸ்கட் செலவைவிடக் குறைவு. அதைப் பென்ஷன்காரர்கள் தாங்களே கட்டுவார்கள். கட்ட முடியாத சிலருக்கு மற்றவர்கள் சேர்ந்து கட்டலாம். எங்களுக்கு வேண்டியது மானியம் இல்லை. மேசையும் வெளிச்சமும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் போதும்.

மூன்று, இடம் இல்லை. இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் பள்ளி விட்டு மாலையிலும் சனி ஞாயிறிலும் வருகிறார்கள். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு அந்தக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. சாவி என் மேசை டிராயரில் இருக்கிறது. காலை பத்து மணி எங்களுக்கு எவ்வளவு நீளமான நேரம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியாது. நடைப்பயிற்சி முடிந்துவிடும், பேப்பர் படித்து முடிந்துவிடும், மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்.

ஆகவே என் யோசனை இது. செவ்வாய், வியாழன் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. எட்டுப் பேருக்குமேல் வேண்டாம். நின்று வேலை செய்ய முடியாது என்பதால் மேசை உயரத்துக்கு ஏற்ற, சாயும் முதுகுள்ள நாற்காலிகள். பூதக்கண்ணாடி வைத்த விளக்கு இரண்டு. தண்ணீரில் கழுவக்கூடிய மை. பிரஸ் கைப்பிடியைச் சுழற்ற வலு இல்லாதவர்கள் மரக்கரண்டியின் முதுகால் காகிதத்தைத் தேய்த்தே அச்சு எடுக்கலாம், சமயத்தில் அது பிரஸ்ஸைவிட நன்றாக விழுகிறது. மைக்கையும் சுத்தக்கையுமாக இரண்டிரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யட்டும். தனியாக இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அடுத்தவர் காகிதம் பிடிக்காமல் உங்கள் படம் வராது. அதனால் வந்தே ஆக வேண்டும், பேசியே ஆக வேண்டும். சங்கக் கூட்டங்களில் அகவிலைப்படியைப் பற்றிப் பேசுவதைவிட இது வேறுவிதமான பேச்சு.

ஒன்றை எங்கள் ஆட்களுக்கும் சொல்ல வேண்டும். வாசலைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே போகவும் வேண்டும். "இந்த வயசிலே இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் வயதுக்காரர்கள்தான். பேரன் செய்தால் கைதட்டுவோம், நாம் செய்தால் வெட்கம். அதிலும் ஆண்கள் மோசம். எங்கள் தெருவில் உள்ள அம்மாமார்களிடம் என் படத்தைக் காட்டியபோது நான்கு பேர் உடனே வருவதாகச் சொன்னார்கள். பூத்தையல் போட்ட விரல்கள், உளியைக் கண்டு பயப்படவில்லை. ஓய்வு பெற்ற ஆண்கள் மட்டும், "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார்கள். முப்பது வருடம் பிரயோஜனமான காரியமே செய்தாகிவிட்டது ஐயா. இனிமேலாவது ஒரு ஸ்டாம்பு ஸ்டாண்டைச் செதுக்கிப் பாருங்கள்.

குழுவின் அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசியில். கூட்டக் குறிப்பை எழுதப்போவதும் நான்தான். '25' என்ற எண்ணை அடித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், வேறு எந்த எண்ணும் எழுத வேண்டாம் என்று கேட்கப்போகிறேன். ஒத்துக்கொள்வார்களா தெரியாது. அதுவரை காத்திருக்க மனமில்லாமல், ஒரு அட்டை, கொஞ்சம் பசை, எங்கள் வாசலில் விழுந்த நான்கைந்து வேப்பிலை இவற்றை ஒரு பையில் போட்டு நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். மை உருளை அவருடைய இடது கையில் இருக்கும். காகிதம் நான் பிடிப்பேன்.